நடுவே விட்ட இடம்

அந்த நகராட்சி அலுவலகத்தில் கொம்பர் என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. கொம்பு போட்ட எழுத்து எது வந்தாலும் மனிதர் அந்தக் கொம்பை மட்டும் ஒரு சுழி சுழித்து, வரிக்கு மேலே தலை தூக்க விட்டுவிடுவார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். "உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று அங்கே யார் யாரைத் திட்டினாலும், பக்கத்தில் இருப்பவர் "அது நம்ம பெயின்டருக்கு மட்டும்தான்" என்று சொல்வதும், எல்லோரும் அன்றுதான் முதன்முறை கேட்பதுபோல் சிரிப்பதும் வழக்கம். கொம்பரும் சேர்ந்து சிரிப்பார்.

நகராட்சிச் சுவர்களில் எழுதுவது அவர் வேலை. 'குப்பை கொட்டாதீர்', 'சுவரொட்டி ஒட்டாதீர்', 'தண்ணீரை வீணாக்காதீர்'. ஊரில் எங்கெல்லாம் மலைபோல் குப்பை குவிந்திருக்கிறதோ அங்கெல்லாம் கொம்பரின் கையெழுத்து நிச்சயம் இருக்கும். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை, வெட்கமும் இல்லை. எழுதுவது தன் பாடு, கேட்பதும் கேட்காததும் ஊர் பாடு என்று இருந்தார். சொல்லப்போனால், தான் எழுதியதை அவரே படித்ததில்லை. எழுதுகிறவன் கண்ணுக்கு வளைவு தெரியும், இடைவெளி தெரியும், வரி கோணினால் தெரியும். அர்த்தம் தெரிவதில்லை. சமைத்தவளுக்குப் பசி இருக்காது என்பார்களே, அந்த மாதிரி.

வருஷக்கணக்காகத் தற்காலிக ஊழியர். இந்த வருஷம் நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. பேச்சுதான் ஒவ்வொரு வருஷமும் அடிபடுகிறதே என்று அவர் விட்டுவிடுவார். அவர் மனைவி விடமாட்டாள். தையல் கூடத்தில் காலர் வைத்துத் தைக்கிறவள். அவளுக்கு எதுவும் ஒரு பிடிமானத்தோடு இருக்க வேண்டும். "நிரந்தரம்னு ஒரு வார்த்தை அவங்க வாயிலேர்ந்து வரட்டும், அப்புறம் நான் நிம்மதியா கண்ணை மூடறேன்" என்பாள். "வார்த்தை வந்தா கண்ணைத் திறந்துதானே பாக்கணும்?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மனிதரின் தலையில்தான் அந்தச் சுவர் வந்து விழுந்தது.

பேருந்து நிறுத்தத்துக்கு நேர் எதிரே நீளமான சுவர். அடியில் சாக்கடை. அதன் மூடிகளில் பாதி உடைந்து, மீதி எப்போது உடையலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தன. மேற்பார்வையாளர் போனில் கூப்பிட்டு வாசகத்தைச் சொன்னார். இந்த மேற்பார்வையாளரும் தற்காலிகம்தான். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடுவதால் பார்க்க நிரந்தரம் மாதிரி இருப்பார்.

"கொம்பரே, எழுதிக்குங்க. உங்கள் வரி, நம் வளர்ச்சி. ஒரே வரியில, சுவர் முழுக்க வரணும்."

கொம்பருக்கு நீளச் சுவர் என்றால் ஒரு முறை உண்டு. இடது ஓரத்திலிருந்து முதல் சொற்களையும், வலது ஓரத்திலிருந்து கடைசிச் சொல்லையும் முதலில் சுண்ணக்கட்டியால் போட்டுவிடுவார். இரண்டு கரையும் கெட்டியாக நின்றபின் நடுவில் இருப்பதை இட்டு நிரப்புவார். இடமிருந்து வலமாகவே எழுதிக்கொண்டு போனால் கடைசியில் எழுத்துகள் நெரிசல் பேருந்தில் தொங்குவதுபோல் தொங்கும். இது அனுபவத்தில் கண்டது, இத்தனை வருஷமும் ஏமாற்றியதில்லை.

'உங்கள் வரி' இந்தப் பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. 'வளர்ச்சி' அந்தப் பக்கம். நடுவே பார்த்தால் பெரிய இடம். 'நம்' என்பதோ இரண்டே எழுத்து. போட்டுப் பார்த்தார். பொக்கை வாயில் ஒற்றைப் பல் மாதிரி நின்றது. அழித்தார். அகலமாகப் போட்டார், அசிங்கமாக இருந்தது. வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. இடது கோடியில் 'உங்கள்' அழகாக இருந்ததல்லவா, அதே அளவில் நடுவே 'எங்கள்' என்று போட்டார். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. நம்ம என்ன, எங்க என்ன, எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தாரா, அதையும் நினைக்கவில்லையா என்பது இன்றுவரை அவருக்கே தெரியாது. நீலத்தில் வண்ணம் ஏற்றி, ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

உங்கள் வரி எங்கள் வளர்ச்சி.

மறுநாள் காலை அந்த வழியாக வந்தபோது நிறுத்தத்தில் நின்றவர்கள் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் படம் பிடித்தார்கள். கொம்பர் சைக்கிளை நிறுத்தினார். தன் எழுத்தை யாரும் நின்று பார்த்து அவர் பார்த்ததில்லை. கொம்புச் சுழியைத்தான் ரசிக்கிறார்கள் என்று ஒரு கணம் பூரித்துப்போனார். அப்புறம்தான் அந்த வாசகத்தில் கொம்பே இல்லை என்பது உறைத்தது.

"என்னங்க பாக்கறீங்க?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்.

"எவனோ தில்லான ஆளு எழுதியிருக்கான் பாருங்க. நகராட்சி சுவத்துலயே எழுதிட்டுப் போயிருக்கான்."

கொம்பர் சுவரைப் பார்த்தார். எழுத்து நேராக இருந்தது. இடைவெளி சரி. தில்லுக்கு இதில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. ஏணிகூட சமதரையில்தான் நின்றது. "நல்லாத்தானே எழுதியிருக்கான்?" என்றார்.

"நல்லாவா? நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டிருக்கான்."

கொம்பர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார். அன்று முழுதும் எழுத்துப்பிழை எதுவும் விட்டோமோ என்று மனசுக்குள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பார்த்தார். ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. எல்லாம் சரியாக இருந்ததுதான் அவரை மிகவும் கலக்கியது.

சாயங்காலம் மனைவி வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏங்க, அந்த பஸ் ஸ்டாப் சுவரு நீங்க எழுதினதா?"

"ஆமா. ஏன்?"

"கூடத்துல மெஷினை நிறுத்திட்டு எல்லாரும் போன்ல அதைத்தான் பாக்கறாங்க. நான் வாயைத் திறக்கலை." அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். அவர்கள் சந்திலும் சாக்கடை உடைந்து மாதக்கணக்காகிறது. மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்து, இப்போது இரண்டு செங்கல்லும் ஒரு பலகையும்தான் வீட்டுக்குப் பாலம். "நம்ம வளர்ச்சின்னா எல்லாரும் சேர்ந்தது. எங்க வளர்ச்சின்னா? நீ கட்டு, நாங்க வளர்றோம்னு ஆகலையா? காசு உன்னோடது, தொப்பை என்னோடதுங்கற மாதிரி இருக்கு."

கொம்பர் வாய்க்குள் இரண்டையும் சொல்லிப் பார்த்தார். நம். எங்கள். நம். எங்கள். தமிழ் பேசத் தொடங்கிய நாள்முதல் அவர் சொல்லிவந்த இரண்டு சொற்கள்தான். இன்றைக்கு ஒன்றுக்குள் கதவு திறந்திருந்தது, மற்றதில் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"இடம் நிறையலை" என்றார்.

"இடம் நிறையலையா." அவள் அவரையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நெசமாச் சொல்லுங்க. வேணும்னேதானே எழுதினீங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் கோபம் இருந்ததா, பயம் இருந்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கல்யாணமான புதிதில் அவரைப் பார்த்த ஒரு பார்வை அவளிடம் உண்டு. அது அவள் கண்ணில் வந்துபோனதுபோலவும் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு ஆசை. நிரந்தரம் போய்விடுமே என்று உடனே ஒரு நடுக்கம். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார்.

அதற்குப்பின் அவர் காது கெட்டுவிட்டது. யார் பேசினாலும் விஷயம் காதில் ஏறவில்லை, நம்ம வருகிறதா எங்க வருகிறதா என்றே கேட்டது. அலுவலகத்தில் கூட்டம் போட்டபோது "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்றார்கள். அதே ஆட்கள், சந்துச் சாக்கடையைப் பற்றிக் கேட்டதும், "எங்க கையில ஒண்ணும் இல்லைப்பா" என்றார்கள். ஒரே வாய்தான். மகள் போன் செய்தாள். அவளுக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. "அப்பா, எங்க வீட்டு மாடியில ரெண்டு செடி வச்சிருக்கேன்" என்றாள். 'எங்க வீட்டு' என்றதிலேயே கொம்பர் நின்றுவிட்டார். போன வருஷம்வரை அவளுக்கு வீடு என்றால் நம்ம வீடுதான். "என்னப்பா, கேக்குதா?" என்றாள் அவள். "கேக்குதும்மா. நல்லாவே கேக்குது" என்றார். அன்று இரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதற்கு இறங்கவில்லை என்று மனைவி கேட்டதற்கு, எழுத்துப்பிழை என்று மட்டும் சொன்னார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

இதற்கிடையில் சுவரில் படம் வந்துவிட்டது. பாலத்தூண்களில் படம் வரைகிற இளைஞர் கூட்டம் ஒன்று ஊரில் உண்டு. அவர்கள் வந்து கொம்பரின் எழுத்தைத் தொடாமல், அதன் கீழே வேலையைக் காட்டியிருந்தார்கள். 'வரி'யின் கடைசிச் சுழியிலிருந்து ஒரு குழாய் கிளம்பியது. குடத்தோடு நிற்கும் சின்னச் சின்ன மனிதர்களின் தலைக்கு மேலேயே நீளமாக ஓடி, 'வளர்ச்சி'க்குக் கீழே ஒரு நீச்சல் குளத்தில் போய்க் கொட்டியது. குளத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். கொம்பர் அதை நின்று ரசித்தார். குழாயின் நிழலை வாகாகப் போட்டிருந்தார்கள். நகராட்சி ஏதோ புதுத் தண்ணீர்த் திட்டம் கொண்டுவருகிறது போலிருக்கிறது, அதற்குத்தான் வெளியாளை வைத்து வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். மிதக்கிறவரை மட்டும் எங்கேயோ பார்த்த ஞாபகம்.

அங்கே தூரிகை கழுவிக்கொண்டிருந்த பெண் அவர் சைக்கிளில் ஏணியையும் வாளியையும் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். கன்னத்தில் பச்சை வண்ணம். "ஐயா, இந்த எழுத்து நீங்களா?"

"ஆமாம்மா."

"அதான் நெனச்சோம், உள்ளேயிருந்துதான் யாரோ எழுதியிருக்கணும்னு. நீங்க நம்ம ஆளு ஐயா." அவள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர் கையிலும் பச்சை ஒட்டிக்கொண்டது.

அலுவலகத்துக்கு வந்தால் மேற்பார்வையாளர் வாசலிலேயே காத்திருந்தார். "உள்ள கூப்பிடறாங்க. பயப்படாதீங்க, நீங்க நம்ம ஆளு" என்றார். ஒரே நாளில் இரண்டு பக்கத்துக்கும் நம்ம ஆளாகிவிட்ட கொம்பர், தான் யார் ஆள் என்று தெரியாமலேயே உள்ளே போனார்.

பெரிய அதிகாரி அம்மாள் சிரித்த முகத்தோடுதான் இருந்தார். மேசையில் சுவரின் படம் இருந்தது. "உக்காருங்க. ஏன் இப்படி எழுதினீங்க?"

"இடம் நிறையலைங்க மேடம். நம்-ங்கறது ரெண்டே எழுத்து."

"சரி. அப்ப நம்முடையன்னு எழுதியிருக்கலாமே? இடமும் நிறைஞ்சிருக்கும், அர்த்தமும் மாறியிருக்காது."

நம்முடைய. கொம்பர் மனசுக்குள் அந்தச் சுவரில் எழுதிப் பார்த்தார். கச்சிதம். 'எங்கள்' பொருந்தியதைவிட நன்றாகவே பொருந்தியது. இத்தனை வருஷம் எழுதுகிறவனுக்கு அது ஏன் தோன்றவில்லை? அந்த வெயிலில், ஏணியின் மேல் நின்றபோது, மனம் எங்கே இருந்தது? அன்று காலையில் வீட்டைவிட்டு இறங்கும்போது வாசல் பலகை நழுவி ஒரு கால் சாக்கடைக்குள் போனது ஞாபகம் வந்தது. ஏணியில் ஏறியபோதும் அந்தச் செருப்பு நாறிக்கொண்டேயிருந்தது. அதுவும் இதுவும் சேர்ந்ததா, சேரவில்லையா?

"நேராவே கேக்கறேன். வேணும்னு எழுதினீங்களா, தெரியாம எழுதினீங்களா?"

பொய் சொல்லத் தெரிந்தவருக்கு அது சுலபமான கேள்வி. கொம்பர் உண்மையைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. "தெரியலைங்க மேடம்" என்றார்.

அம்மாளின் புருவம் ஏறியது. மேற்பார்வையாளர் சட்டென்று குறுக்கே புகுந்தார். "தெரியாமத்தான் எழுதிட்டேன்னு சொல்றாருங்க மேடம். பதட்டத்துல வார்த்தை குழறுது."

"அப்படியா?"

கொம்பர் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்பது அவருக்கும் தெரியாது. அம்மாள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"சரி. படத்தை அழிச்சிட்டு, நம்முடையன்னு மாத்துங்க. நிரந்தரப் பட்டியல்ல உங்க பேர் இருக்கு. நீங்க மாத்தின அப்புறம் கையெழுத்துப் போடறேன். எங்களுக்கும் மேல பதில் சொல்லணும் இல்ல?"

எங்களுக்கும். கொம்பர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் சொன்னதும் மனைவி பெருமூச்சு விட்டாள். "எழுதிடுங்க. ஒரு வார்த்தைதானே. அதுக்கு ஒரு வார்த்தை அவங்க தர்றாங்க." அதிலே ஒரு தப்பும் இல்லை என்றுதான் அவருக்கும் பட்டது. நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

மறுநாள் வெள்ளை வாளியோடு போய்ப் படத்தை அழித்தார். குழாயை அழித்தார். குடங்களை அழித்தார். மிதந்தவர் போட்டிருந்தது கறுப்புக் கண்ணாடி என்பதால் அவருக்கு இரண்டு பூச்சுத் தேவைப்பட்டது. வரைந்த பெண் எதிர்ப்பக்கம் நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து வந்தாள்.

"நீங்களே அழிக்கறீங்களா ஐயா?"

"வேலைம்மா. நெழலு நல்லாப் போட்டிருந்தீங்க."

அவள் கோபப்படவில்லை. அவளுக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. "அப்ப அன்னிக்கு வேணும்னு எழுதலையா?"

"தெரியலைம்மா. நெசமாவே தெரியலை."

"இப்ப என்ன எழுதப் போறீங்க?"

"நம்முடைய."

"அது தெரிஞ்சுதானே?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, பிள்ளைகள் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள். பேருந்து வந்தது. ஓடிப் போய் ஏறிக்கொண்டாள்.

கொம்பர் 'எங்கள்' மேல் வெள்ளை அடித்தார். காய்ந்ததும் சுண்ணக்கட்டியை எடுத்தார். 'ந' போடக் கை தூக்கினார். கை அங்கேயே நின்றது. இத்தனை வருஷம் வளைவை எழுதியவர் முதன்முறையாக ஒரு வார்த்தையை எழுத நின்றார். தெரியாமல் எழுதியதற்கே இத்தனை பாடு. இப்போது எழுதுவது தெரிந்து எழுதுவது. நம்முடைய என்றால் அதற்குள் இந்த நிறுத்தத்தில் நிற்பவர்கள் வரவேண்டும். பலகை போட்ட தன் வாசலும் வரவேண்டும். வருகிறதா? வரும் என்று எழுதினால், அது யார் பொய்? சுண்ணக்கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அன்று மேற்பார்வையாளர் போனில் கேட்டபோது, "வெள்ளை இன்னும் காயலைங்க சார்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாளும். அடித்த வெயிலில் சாக்கடையே காய்ந்துகொண்டிருந்தது. 'உங்கள் வரி', நடுவே ஒரு பெரிய வெள்ளை, அப்புறம் 'வளர்ச்சி'. நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. ஒருவர் நடுவில் 'மச்சான்' என்றார். ஒருவர் 'தொப்பை' என்றார். காய்கறிப் பையோடு நின்ற ஒரு அம்மாள் சாக்கடையைப் பார்த்துவிட்டு, "கொசு" என்றாள். உங்கள் வரி கொசு வளர்ச்சி. நிறுத்தமே குலுங்கியது. கொம்பர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தது. பயமும் வந்தது.

கடைசியில் மேற்பார்வையாளரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முகம் கடுகடுவென்று இருந்தது. "என்ன கொம்பரே, விளையாடறீங்களா? அங்க பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. எழுதினா நீங்க நிரந்தரம்."

"எழுதிடறேன் சார். ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்து வையுங்க."

"என்ன?"

"நம்முடையன்னு எழுதறோமே, அதுல நான் இருக்கேனுங்களா?"

மேற்பார்வையாளர் வாயைத் திறந்தார். பதில் சட்டென்று வந்துவிடும் என்றுதான் அவரும் நினைத்திருக்க வேண்டும். வரவில்லை. நிறுத்தத்தைப் பார்த்தார். உடைந்த மூடிகளைப் பார்த்தார். பெல்ட்டை ஒருமுறை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நீங்க இருக்கீங்களா சார்?" என்று கேட்டார் கொம்பர். வம்புக்குக் கேட்கவில்லை. அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

மேற்பார்வையாளர் சாக்கடையைத் தாண்டிக் காலை வைத்து, சுவரை ஒட்டி நின்றார். அந்த வெள்ளையில், கொதிக்கும் வெயிலில் கல்லாய் இறுகிக் கிடந்த அந்த இடத்தில், ஒரு விரலை வைத்து அழுத்தினார். விரலைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. பிறகு போனை எடுத்து அலுவலகத்துக்கு அடித்தார்.

"மேடம், நான் நேர்லயே வந்து பாத்துட்டேன்" என்றார். "இன்னும் காயலைங்க."